பதுளையில் ஒரு தெப்பம்

எண்ணெய் வர்ணம் தென்னாட்டு ஓவியர்களின் கைக்கு வந்த கதையில் ஓர் இரவுத் திருட்டு இருக்கிறது. 1862இல், பதினான்கு வயதுப் பையனாகக் கிளிமானூரிலிருந்து திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார் ரவிவர்மா. அங்கே அந்த வித்தை அறிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். பையனின் கைத்திறனைப் பார்த்தவர் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார். ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லும்படி, நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் இராத்திரியில் வந்து, வர்ணத்தை எண்ணெயில் குழைப்பதையும் பூசுவதையும் காட்டிக்கொடுத்தார். 1868இல் மன்னரை வரைய வந்த தியோடர் ஜென்சனும் கற்றுக்கொடுக்கவில்லை. தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார், அவ்வளவுதான். மிச்சத்தை ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் இருந்த ஐரோப்பிய ஓவிய ஆல்பங்களைப் பார்த்துப் பார்த்தே ரவிவர்மா தேறினார். 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியபோது அவருக்கு ஓவியப் பள்ளி வாசனையே கிடையாது.

ஆறுமுகம் பிள்ளைக்குப் பெரும்பாலான நூல்களில் கிடைப்பது ஒரே ஒரு வாக்கியம். இலங்கையின் பதுளையில் இருந்துகொண்டு எண்ணெய் ஓவியம் பழகிய எனக்கு ரவிவர்மாவைவிட அவர்தான் நெருக்கமானவர்.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் அம்மாயி குடியிருந்த லயத்துக் காம்பரா, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடுப்பு, படுக்கை, தகரப்பெட்டி, சாமி எல்லாம் அதற்குள்தான். சாமி என்றால் கண்ணாடி போட்ட லட்சுமி படம். தாமரை மேல் நிற்கிற லட்சுமி. பக்கத்தில் மாலையைத் தூக்கி நிற்கும் யானை. அந்தப் படம் அந்தச் சுவருக்கு வந்த பாதை நீளமானது. ரவிவர்மாவின் ஓவியங்களை வர்ண அச்சில் போட்டால் நாட்டுக்கே உபகாரமாக இருக்கும் என்று 1884இல் அவருக்குக் கடிதம் எழுதியவர் கும்பகோணத்துக்காரரான டி. மாதவராவ், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவர். பத்து வருடம் கழித்து, 1894இல், பம்பாயில் அச்சகம் தொடங்கியது. எண்ணெய் ஓவியம் அங்கே கல்லச்சுக்கு மாறியது. வர்ணத்துக்கு ஒரு கல். அந்த அச்சுப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறையில் ஒருவர் கொண்டையராஜு. சென்னைக் கலைப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்து, 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டு, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு சாமி படங்கள் வரைந்தார். அவை சிவகாசியில் அச்சாகிக் கலண்டர்களாகக் கடல் தாண்டின. தைப்பொங்கலுக்கு முன்னால் பதுளை பஜார்க் கடைகளில் சாமான் வாங்குகிறவர்களுக்குச் சுருட்டிக் கொடுப்பார்களே, அவைதான்.

அம்மாயியின் லட்சுமி, ஆக, பிரதியின் பிரதியின் பிரதி. ஒவ்வொரு கை மாறும்போதும் முகம் கொஞ்சம் மழுங்கி, நகை கொஞ்சம் கூடியிருந்தது. மாறாமல் வந்தது சேலையின் மடிப்பு. மடிப்பின் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல், இரண்டுக்கும் நடுவில் எதுவென்று சொல்ல முடியாத ஒரு நிறம். எண்ணெய் ஓவியம் ஒன்றை நேரில் பார்ப்பதற்குப் பத்து வருடம் முந்தியே அதன் அடிப்படை உத்தியை நான் அந்தப் புகை படிந்த கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துவிட்டேன்.

பிரதி எடுப்பது பற்றிய வழக்கு கொழும்பில் வேறு மாதிரித் தீர்ந்தது. முதலியார் அமரசேகர போன்றவர்கள் ஐரோப்பிய அக்கடமி முறையைக் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். 1943இல் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஹாரி பீரிஸ், ஜஸ்டின் தரணியகல முதலானோர் சேர்ந்து 43 குழுவை அமைத்து அந்த முறையை ஓரங்கட்டினார்கள். நல்ல காரியம்தான். கீற்றின் கோடுகள் இல்லாத இலங்கை ஓவியத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்தச் சண்டையின் முடிவில் பிரதி எடுப்பது என்ற வேலைக்கே ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. அக்கடமி முறையைக் கற்றுச் சலித்தவர்கள் அதைத் தூக்கி எறிந்தார்கள். அது ஒருநாளும் வந்து சேராத இடங்களில் எறிவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கிடைத்தது பன்னிரண்டு கட்டி நீர்வர்ணப் பெட்டி.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பதுளையில் கடைப் பலகைகள் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். தகரத்தில் எனாமல் அடித்து எழுதுவதுதான் பிழைப்பு. கோயில் திருவிழாவுக்குப் படுதா, காமன் கூத்துக்கு வேஷம் என்று கூப்பிட்டால் அதற்கும் போவார். அவர் கற்ற விதமும் பிரதிதான்: சினிமா பானர் வரைந்த ஒருவரிடம் வர்ணம் கரைத்துக் கொடுத்துக் கற்றிருந்தார். "எதையாவது பெரிய படமாப் பாத்து முழுசா ஒண்ண வரைஞ்சு முடி. அதுக்கப்புறம் பேசலாம்" என்றார். நான் கொண்டுபோனது பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு கலைப் புத்தகத்தின் இரட்டைப் பக்கம். தெயோதோர் ஜெரிக்கோ வரைந்த 'மெதூஸாவின் தெப்பம்'. புத்தகத்தின் நடு மடிப்பில் இரண்டு பேருடைய முதுகு காணாமல் போயிருந்தது. மாஸ்டர் நிறைய நேரம் பார்த்தார். "இதென்ன, தெப்பத் திருவிழாவா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

திருவிழா இல்லை. மெதூஸா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் செனெகலுக்குப் போகும் வழியில், 1816 ஜூலை 2ஆம் திகதி, ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் மணல் திட்டில் ஏறிச் சிக்கியது. இருபது வருடத்துக்கு மேலாகக் கப்பலே ஓட்டாத ஒருவரை, அரச குடும்பத்தின் மேல் விசுவாசம் உள்ளவர் என்பதற்காகத் தலைவராகப் போட்டிருந்தார்கள். படகுகளில் இடம் போதவில்லை. மரங்களைக் கட்டித் தெப்பம் செய்து அதில் 147 பேரை ஏற்றினார்கள். இழுத்துச் செல்ல வேண்டிய படகுகள் கயிற்றை விட்டுவிட்டன. பதின்மூன்று நாள். கொலை, பசி, பிணம் தின்றது எல்லாம் நடந்தது. ஆர்கஸ் என்ற கப்பல் கண்டபோது மிஞ்சியவர்கள் 15 பேர். அவர்களில் இருவர், கோரியார் என்ற பொறியியலாளரும் சவிஞி என்ற வைத்தியரும், 1817இல் நடந்ததை நூலாக எழுதினார்கள். அரசாங்கத்துக்குப் பெரிய தலைகுனிவு. கோரியார் பிறகு பாரிஸில் ஒரு புத்தகக் கடை வைத்து, அதற்கு மெதூஸாவில் தப்பியவன் கடை என்ற பொருளில் பெயர் போட்டார். வியாபாரம் தெரிந்த மனிதர்.

இந்தப் படத்தைத் தொடங்கியபோது ஜெரிக்கோவுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது. அவரும் பிரதி எடுத்து வந்தவர்தான். கெரேன் என்ற ஆசிரியரிடம் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, லூவர் அரும்பொருளகத்தில் ரூபென்ஸ், டிஷியன், கரவாஜியோ என்று வருடக்கணக்காகப் பார்த்து வரைந்தார். ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டு அங்கே நுழையத் தடையும் வாங்கினார். லூவரில் இன்றும் அனுமதி பெற்றுப் பிரதி எடுக்கலாம். மூலத்தின் அதே அளவில் எடுக்கக்கூடாது என்பது விதி. அது கள்ளப் படத்தைத் தடுக்க. எனக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. மூலம் 491 சென்டிமீற்றர் உயரம், 716 அகலம். அம்மாயியின் காம்பராவை ஒத்த நான்கு காம்பராக்களின் சுவரைத் தட்டினாலும் அது நிற்க இடம் தேட வேண்டும். என் துணி முப்பது அங்குலத்துக்கு நாற்பத்துநாலு.

துணி என்பதும் பெரிய வார்த்தை. கோதுமை மா வந்த பருத்திச் சாக்கைப் பிரித்து, அவித்து, எழுத்தைப் போக்கி, சட்டத்தில் இழுத்து அடித்து, வச்சிரப் பசை பூசி, அதன் மேல் வெள்ளை அடித்தோம். பிறகு கட்டம் போட்டேன். படத்துக்கும் அதே எண்ணிக்கை, துணிக்கும் அதே எண்ணிக்கை. கட்டத்துக்குள் கட்டமாக மாற்றிக்கொண்டே போனால் உருவம் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒவ்வொரு கட்டமும் சரியாக இருந்தது. ஆட்கள் பொம்மையாக இருந்தார்கள். மாஸ்டர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "மூக்கப் பாக்காத தம்பி. மூக்குக்குப் பக்கத்துல ஒரு இருட்டு இருக்கில்ல, அதோட வடிவத்தப் பாரு. அத வச்சா மூக்கு தானா வரும்." தலைகீழாகப் பார்த்தபோது ஆட்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் நின்றன. ஒரு கையின் நிழல் இன்னொருவன் முதுகில் முடிந்து, அந்த முதுகின் விளிம்பு ஒரு துணி மடிப்பாகி மேலே ஏறியது. ஏறத்தாழ இருபது உருவங்கள், ஒன்றோடொன்று நிழலால் கட்டியிருந்தன, தெப்பத்து மரங்களைக் கயிற்றால் கட்டியதுபோல.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பார்ப்பவருக்கும் பிரதி எடுப்பவருக்கும் படம் ஒன்றாக இருப்பதில்லை. தெப்பத்தின் பாய் காற்றில் இடது பக்கமாகப் புடைத்திருக்கிறது என்பதைப் பல தடவை பார்த்தும் நான் கவனித்திருக்கவில்லை. அந்தப் பாயை வரைய வேண்டி வந்தபோதுதான் தெரிந்தது. காப்பாற்ற வரும் கப்பலோ வலது பக்கம் தொடுவானத்தில், அரிசி மணியைவிடச் சிறிய ஒரு புள்ளி. ஆட்கள் எல்லாரும் வலது பக்கம் சாய்கிறார்கள், எழுகிறார்கள், துணியை வீசுகிறார்கள். காற்று தெப்பத்தை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. படத்தின் பதைப்பு முழுவதும் இந்த இரண்டு திசைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. என் துணியில் அந்தக் கப்பலை வைக்க ஊசி முனை அளவு வர்ணம் போதுமாக இருந்தது. அதை வைக்க நான் எடுத்துக்கொண்டது ஒரு மாலை நேரம்.

அந்த மனிதக் கோபுரத்தின் உச்சியில் நின்று துணி வீசுபவர் ஒரு கறுப்பு மனிதர். அதற்கு ஜெரிக்கோவிடம் மாதிரியாக நின்றவர் ஹெய்ட்டியிலிருந்து வந்த ஜோசப். அடிமை வியாபாரம் பிரான்சில் இன்னும் சூடான விவகாரமாக இருந்த காலத்தில் ஒரு கறுப்பு மனிதரை உச்சியில் வைத்தது தற்செயலான முடிவாக எனக்குப் படவில்லை. கீழே முகம் குப்புறக் கிடக்கும் இளைஞனுக்கு மாதிரியாகக் கிடந்தவர் டெலக்ரோவா. அவரும் கெரேனின் மாணவர். பிற்பாடு ரொமாண்டிக் இயக்கத்துக்கே தலைமை ஏற்றவர். அப்போது இருபது வயதைத் தாண்டிய பையன். இன்னொருவரின் படத்துக்காகத் தரையில் கிடப்பதும் பயிற்சிதான் போலும்.

வர்ணம் பூசும் முறையில் எனக்கு மாஸ்டர் சொன்னதும் ஜெரிக்கோ செய்ததும் எதிர் எதிர். மாஸ்டர் படம் முழுவதையும் முதலில் மண் நிறத்தில் மெல்லிதாகப் போட்டு, வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்துவிட்டு, அதன் மேல் படிப்படியாக ஏறச் சொன்னார். ஐரோப்பிய அக்கடமிகளிலும் அதுதான் முறை. பானர்க்காரரிடம் அது எந்த வழியாக வந்ததோ. ஜெரிக்கோவின் மாணவர் மோன்ஃபோர் விட்டுச் சென்ற குறிப்பின்படி, ஜெரிக்கோ வெள்ளைத் துணியில் கோட்டுச் சித்திரம் போட்டுக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே உருவத்தை எடுத்து, அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். பெரிய தூரிகைகூட இல்லை, சின்னத் தூரிகைகள். அறையில் யாரும் அசையக்கூடாது. தலையை மழித்துக்கொண்டு மாதக்கணக்காக வெளியே போகாமல் இருந்தார். மெதூஸாவின் தச்சரைக் கண்டுபிடித்துத் தெப்பத்தின் சிறு மாதிரி செய்யச் சொன்னார். கோரியாரையும் சவிஞியையும் உட்காரவைத்து வரைந்தார். பக்கத்து மருத்துவமனையிலிருந்து துண்டித்த கை கால்களை வாங்கிவந்து அறையில் வைத்து, நாளாக நாளாக நிறம் மாறுவதைப் பார்த்தார்.

நான் மாஸ்டர் வழியிலேயே போனேன். அதில் ஒரு பாடம் கிடைத்தது, ஒரு சேதமும் நேர்ந்தது.

எண்ணெய் வர்ணம் தண்ணீர் வர்ணம்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகித் தோலாகிறது. அதனால்தான் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடவும் இருக்க வேண்டும் என்பது. மாறிப் போட்டால் மேலே காய்ந்து கீழே நெகிழ்ந்து படம் வெடிக்கும். பதுளையில் இதற்குக் காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. துணியின் பின்பக்கம் பூஞ்சணம் பூக்கும், முன்பக்கம் பிசுபிசுக்கும். ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும்போது நிலைமை வேறு. பதுளை இருக்கும் உவா மாகாணத்தின் தேயிலைக்கு அந்தத் தனி மணம் ஏறுவதும் அந்த வறண்ட காற்றில்தான். ஸ்டோரில் தேயிலை வாட்டுகிறவர்களுக்கு நல்ல காலம், எனக்கும் நல்ல காலம்.

சேதம் நிழல்களில் வந்தது. புத்தகத்தில் இருந்த அந்த ஆழமான, பளபளக்கும் கபில இருட்டு என் மண் நிறங்களில் வரவே இல்லை. லயத்துத் தகரக் கூரை ஒழுகினால் அடைப்பதற்கென்று தார் வைத்திருப்போம். அதில் ஒரு கட்டியை டர்பன்டைனில் கரைத்துப் பூசிப் பார்த்தேன். அற்புதமாக இருந்தது! ஜெரிக்கோவின் இருட்டு அப்படியே வந்து உட்கார்ந்தது. மாஸ்டர் விரலால் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் விரலைத் துடைத்துக்கொண்டார். அடுத்த கச்சானுக்கும் அது காயவில்லை. இரண்டு வருடத்தில் முதலைத் தோல்போல வெடித்து, வெடிப்புக்குள் கறுப்பு ஊறி, இடது மூலையில் இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் கிழவரின் முழங்காலை விழுங்கிவிட்டது.

பிற்பாடு படித்தபோது சிரிப்பும் ஒரு வகை நிம்மதியும் வந்தன. ஜெரிக்கோவின் வர்ணத் தட்டில் வெள்ளை, நேப்பிள்ஸ் மஞ்சள், காவிகள், சியன்னாக்கள், பிரஷ்யன் நீலம், ஐவரிக் கறுப்பு என்பவற்றோடு பிட்டுமனும் இருந்தது. பிட்டுமன் என்பது தார்தான். பூசியவுடன் வெல்வெட்போல இருக்கும். முழுமையாக ஒருநாளும் காயாது. கறுத்து, சுருங்கி, பக்கத்து வர்ணங்களையும் கெடுக்கும். மூல ஓவியம் நாற்பது வருடத்துக்குள்ளேயே அவ்வளவு மங்கத் தொடங்கியதால், 1859–60இல் கியெமே, ரோன்ழா என்ற இரண்டு ஓவியர்கள் அதை முழு அளவில் பிரதி எடுத்தார்கள். அந்தப் பிரதி இன்று அமியான் நகரின் பிக்கார்டி அரும்பொருளகத்தில் இருக்கிறது. மூலத்தில் இருட்டுக்குள் போய்விட்ட சில விவரங்களுக்கு ஆய்வாளர்கள் இப்போது அந்தப் பிரதியைத்தான் பார்க்கிறார்கள். பிரதியை இளக்காரமாகப் பேசுகிறவர்களிடம் நான் எடுத்துச் சொல்லும் முதல் சான்று இது.

இனி உவாவுக்கு வருகிறேன். ஜெரிக்கோ அந்தப் பெரிய துணியில் வேலையைத் தொடங்கியது 1818 நவம்பர் அளவில். அதே 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டி போகம்பரையில் கெப்பெட்டிபொல திசாவையின் தலையை வெட்டினார்கள். அதற்கு முந்திய வருடம் செப்டெம்பரில், பதுளையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி வில்சன் கொல்லப்பட்டதில் உவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சி வெடித்தது. அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல, கிளர்ச்சிக்காரர் பக்கம் சேர்ந்தார். ஆளுநர் பிரவுன்றிக்கின் படை உவாவில் வயலையும் வீட்டையும் கால்நடையையும் அழித்துக்கொண்டே போனது. கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டை ஹென்றி மார்ஷல் என்ற படை வைத்தியர் எடின்பரோவுக்குக் கொண்டுபோய், மண்டையோட்டை அளந்து குணம் சொல்லும் சங்கத்துக்குக் கொடுத்தார். அது திரும்பி வந்தது 1948இல். 1954இல் கண்டியில் அடக்கம் செய்தார்கள். பாரிஸில் ஓர் ஓவியர் துண்டித்த கை கால்களோடு வெட்டுப்பட்ட தலையையும் வைத்துக்கொண்டு செத்தவனின் நிறத்தைப் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பிறகு அளவெடுப்பதற்காகக் கப்பலேறப்போகும் ஒரு தலை இங்கே வெட்டுப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. உவாவில் இருந்து அந்தப் படத்தைப் பிரதி எடுப்பவனுக்கு அதன் திகதி வெறும் திகதியாக இருக்க முடியாது.

அந்தக் காலத்து அக்கடமிகளில் ஓவியத்துக்குச் சாதி இருந்தது. உச்சியில் வரலாற்று ஓவியம்: பைபிள், புராணம், ரோமாபுரி வீரர்கள். அடியில் பழமும் பூவும். பெரிய துணி உச்சிச் சாதிக்குத்தான் உரியது. ஜெரிக்கோ செய்த காரியம், மூன்று வருடத்துக்கு முன் பத்திரிகையில் வந்த ஒரு சம்பவத்தை, பெயர் தெரியாத மாலுமிகளையும் சிப்பாய்களையும், அரசர்களுக்கு ஒதுக்கிய அளவில் வரைந்தது. 1819 கண்காட்சியில் அதைப் பட்டியலில் 'கப்பல் உடைவுக் காட்சி' என்று மட்டும் போட்டார்கள். மெதூஸா என்ற சொல்லைத் தவிர்த்தாலும் வந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வருடம் லண்டனில் காட்டியபோது ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் காசு கொடுத்துப் பார்த்தார்கள். 1824இல் ஜெரிக்கோ முப்பத்திரண்டு வயதில் இறந்த பிறகுதான் லூவர் அதை வாங்கியது.

நமக்கு இந்த அளவு பற்றிய பாடம் ஓரிடத்தில் கிடைத்திருக்கிறது: சென்னை மெரினாவில், 1959இல் வைத்த உழைப்பாளர் சிலை. தேவிபிரசாத் ராய் சௌத்ரி, பாறையை நெம்பும் நான்கு பெயரில்லா மனிதர்களைத் தலைவர்களுக்குரிய உயரத்தில் நிறுத்தினார். இலங்கையில் களனி விகாரையின் சுவர்களில் சோலியஸ் மென்டிஸ் 1932 முதல் 1946 வரை வரைந்தவையும் வரலாற்று ஓவியங்களே. வெள்ளரசுக் கிளையோடு சங்கமித்தை கடல் கடந்து வரும் காட்சி அவற்றில் பேர்போனது. வருகை ஒன்றை வரலாறாக்குவது எப்படி என்று அறிய விரும்பும் ஓவியர் அதைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த மலையகத் தமிழர்களான எங்கள் வருகைக்கும் கப்பல்கள் உண்டு. கோப்பிக் காலத்தில், 1864இல், தொழிலாளர்களை ஏற்றிவந்த ஆதிலட்சுமி என்ற கப்பல் கடலில் மூழ்கி 120 பேர் மாண்டதாக மலையக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. அதற்கு ஒரு கோரியார் கிடைக்கவில்லை. பதுளைக்குப் பக்கத்திலேயே வெவெஸ்ஸத் தோட்டத்தில் 1940இல் நடந்தது இன்னொரு பெரிய துணிக்குரிய விஷயம். தொழிலாளர்கள் தமக்குள் சபை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்ட நிர்வாகியான துரை அதனோடு கலந்துபேசி நடக்க ஒப்புக்கொண்டார். அடக்க வந்த பொலிஸ்காரர்களின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துக்கொண்டார்கள். பிறகு வெள்ளம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் தோட்டத்தைத் துண்டித்தது. சமசமாஜக் கட்சியின் வரலாற்றில் இது சில வரிகள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் பற்றிய எச்சரிக்கை முன்பே இருந்தது. தகுதியில்லாதவன் கையில் கப்பலைக் கொடுத்த கதையைப் பிரதி எடுத்தவனுக்கு இதைப் படிக்கும்போது கை துறுதுறுக்காமல் இருக்குமா? ஹனுஷா சோமசுந்தரம் போன்ற இளைய மலையகக் கலைஞர்கள் தோட்டத்து உழைப்பையும் லயத்து வாழ்வையும் இன்றைய கலை மொழியில் எடுத்து வருகிறார்கள். ஆனால் மேலே சொன்ன எதையும் ஆளுயரத்தில், எண்ணெயில், கூட்டமாக வரைந்து நான் பார்த்ததில்லை.

பிரதியிலிருந்து அப்படியே அங்கே தாவவும் முடியாது. தெப்பத்தில் இருப்பவர்கள் பதின்மூன்று நாள் பட்டினி கிடந்தவர்கள். ஜெரிக்கோ வரைந்ததோ ரோமில் மிக்கலாஞ்சலோவைப் பார்த்து வந்த கையால், திரண்ட தோளும் தொடையுமாக. மாலை மாலையாக அந்தத் தோள்களை வரைந்து பழகிய பிறகு கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கும் ஒரு பெண்ணை வரைய உட்கார்ந்தேன். என் கை அவளுக்கும் அதே தோளைப் போட்டது. அவளுடைய பாரம் தோளில் இல்லை. கூடைக் கயிறு உச்சந்தலையில் அழுத்துகிறது. கழுத்து முன்னே தள்ளி நீள்கிறது. இடுப்பில் சுற்றிய படங்கு முழங்காலை மறைத்து நடையைக் குறுக்குகிறது. அந்தக் கழுத்துக்கு லூவரில் மாதிரி கிடையாது. அதை இங்கே காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலும் மலையிலும் நின்றுதான் கற்க வேண்டும். பிரதி கொடுத்தது கூட்டத்தை நிழலால் கட்டும் வித்தை. உடம்பை அது கொடுக்கவில்லை.

நான் இப்போது கோட்டுச் சித்திரமாகப் போட்டுக்கொண்டிருப்பது பதுளைப் புகையிரத நிலையம். 1924இல் பாதை இங்கே வந்து முடிந்தது; இதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்டு, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இங்கேயும் என்று பிரித்தார்கள்; மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். இந்தியா போகிறவர்கள் இங்கிருந்து புகையிரதமேறி, தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலைப் பிடித்தார்கள். அந்தப் புகையிரதத்தை எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்றார்கள். ஜெரிக்கோவின் படத்தில் எல்லா உடம்புகளும் ஒரே பக்கம் சாய்கின்றன. மேடையில் அப்படி இல்லை: ஜன்னலுக்கு உள்ளிருந்து பாதிப் பேர் வெளியே சாய்கிறார்கள், வெளியிலிருந்து பாதிப் பேர் உள்ளே. நடுவில் கம்பி. இந்த அமைப்பைத் தீர்க்க எனக்கு இரண்டு கச்சான் காலம் ஆகியிருக்கிறது.

முகங்கள்தான் குறை. ஜெரிக்கோவுக்குத் தப்பி வந்தவர்கள் நேரில் வந்து உட்கார்ந்தார்கள். அழுகைக் கோச்சி ஏறியவர்கள் பாஸ்போர்ட்டுக்காகக் குடும்பத்தோடு ஸ்டூடியோவில் நின்று படம் எடுத்தார்கள். ஒரு பிரதியை இங்கே சொந்தக்காரர்களிடம் விட்டுப் போனவர்களும் உண்டு. அப்படியான படம் உங்கள் தகரப்பெட்டியில் இருந்தால், பசறையிலோ, அப்புத்தளையிலோ, கூடலூரிலோ, கொத்தகிரியிலோ, எறிந்துவிடாதீர்கள். பின்பக்கம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை ஊறும்.